வாசித்ததாகக் கருதப்படும்

பாராட்டு மடல் ஒன்றுக்கு நூற்றிருபது ரூபாய்.
பார்டர் போட்டால் இருபது கூட.
போன வருஷ பாக்கியே வரவில்லை.
ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.
கழனிவாசல் ரோட்டில் என் கடையை விட்டால்
சந்திப்பிழை பார்க்கிற ஆள்
விழாக்குழுவுக்குக் கிடையாது.

பதினோரு விருது.
நாவல், கவிதை, மொழிபெயர்ப்பு,
சுதைச் சிற்பம், தவில்,
இந்த வருஷம் புதிதாகக் குறும்படம்.
பழைய கோப்பைத் திறந்து பெயரை மாற்றினால்
பாதி வேலை முடிந்தது.
'தமிழுக்குத் தொண்டாற்றிவரும்' அப்படியே இருக்கும்.
'தன்னேரில்லாத' பதினோரு பேருக்கும் உண்டு.

எட்டாவது மட்டும் அப்படி வரவில்லை.
சிறுகதைக்கு: கண்டனூர் வயிரவன்.
மின்வாரியத்தில் ரீடிங் எடுத்தவர்.
செயலாளர் தந்த குறிப்பில் பிறந்த தேதியும்
புத்தக விலையும்தான் இருந்தன.
ஒரு பிரதி வாங்கி
இரண்டு ராத்திரி படித்துவிட்டு
நானே எழுதினேன்:

"அறுபது கதவு வைத்த வீட்டில்
அரை யூனிட் ஓடியிருக்கிறது.
யார் வந்து
எந்த விளக்கை போட்டுவிட்டுப் போனார்கள் என்று
முப்பது வருஷமாக யோசிக்கிறார்.
அந்த யோசனையைத்தான் கதை என்கிறோம்."

செயலாளர் படித்தாரோ என்னவோ.
"சரிம்மா" என்றார்.

விழாவுக்கு இருபது நாள் இருக்கையில் போன்.
வயிரவன் தவறிவிட்டார், தூக்கத்திலேயே.
"கேடயம் வார்த்தாச்சு, ஒண்ணும் பண்ண முடியாது.
மடல்ல 'மறைந்த' சேத்துருங்க.
மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

மறைந்த. நாலே எழுத்து.
முன்னால் வைத்ததும்
பெயர் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது.
எழுத்தைச் சிறிதாக்கி மேலே ஏற்றினேன்.
கீழே இன்னும் 'யோசிக்கிறார்.'
காலத்தை மாற்றுவது பெரிய வேலையில்லை.
பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்து
'த்தார்' போட்டால் ஆயிற்று.
அழித்துக்கொண்டு வந்தேன்.
யோசி
என்று நின்றது திரையில்.
பக்கத்தில் கர்சர் விட்டுவிட்டுத் துடித்தது.

மதியச் சாப்பாட்டுக்கு ஷட்டரைப் பாதி இறக்கி
திரும்பி வந்த பிறகும் அது அப்படியே.
அழித்ததையெல்லாம்
திரும்ப அடித்தேன்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக
விழாவுக்குப் போனேன்.
செக்காலைப் பக்கம் கல்யாண மண்டபம்.
மணமக்கள் நாற்காலியில் நடுவர் இருவர்.
தலைக்கு மேலே
நாளைய முகூர்த்தத்துக்குத் தெர்மாகோலில்
மாப்பிள்ளை பெயர் மட்டும் ஒட்டியிருந்தது.
சிறப்பு விருந்தினர் பேசினார்.
பிறகு வாழ்த்துரை என்று நாலு பேர்.
பிறகு செயலாளர் மைக்கைப் பிடித்து,
"நேரமின்மை காரணமாகப் பாராட்டு மடல்கள்
வாசித்ததாகக் கருதப்படும்."
அன்று விழுந்த கைதட்டலில் பெரியது
அதுதான்.

எட்டாவதாக வயிரவன் மகள் சிகப்பி ஏறினார்.
வழுக்கிய பொன்னாடையை
முழங்கையால் பிடித்துக்கொண்டார்.
புகைப்படக்காரர் இன்னொரு தரம் வாங்கச் சொன்னார்.
இன்னொரு தரம் வாங்கினார்.

எனக்கு முன்வரிசையில் வந்து உட்கார்ந்து
கேடயத்தைக் காலடியில் வைத்துவிட்டு
மடலின் பாலித்தீனைக் கிழித்தார்.
விரல் வைத்துப் படிக்கிற பழக்கம்.
'மறைந்த'வைத் தாண்டியது விரல்.
அறுபது கதவைத் தாண்டியது.
யோசிக்கிறார்.
நின்றது.

தேர்வுத்தாளைத் திரும்ப வாங்கப்போகிறவள் மாதிரி
எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

கைப்பையில் துழாவிப் பேனா எடுத்தார்.
விரலை ஒரு வரி மேலே ஏற்றி
'விளக்கை'க்கும் 'போட்டு'க்கும் நடுவில்
கூரை மாதிரி ஒரு குறி போட்டு
ஒரு 'ப்' எழுதினார்.
அப்பாவுக்கு மெய்ப்புப் பார்த்த கை போலிருக்கிறது.
மூடியைத் திருகினார்.
காலத்தைத் தொடவில்லை.

வாசலில் செயலாளர்,
கையில் கவுனி அரிசித் தொன்னை.
பாக்கியை ஞாபகப்படுத்தினேன்.
"அடுத்த வாரம் தர்றேம்மா" என்றார்,
நிகழ்காலத்தில்.